பதினோரு பூட்டுகள்

பூட்டுக்காரர் வீட்டில் மொத்தம் பதினோரு பூட்டுகள் இருந்தன. வாசற்கதவில் மேலே ஒன்று, கீழே ஒன்று, பின்கதவில் ஒன்று, அடுக்களைக் கதவில் ஒன்று. அடுக்களைக்கு உள்ளே கேஸ் சிலிண்டரை மூடிய இரும்புப் பெட்டிக்கு ஒன்று, கத்தி வைக்கும் இழுப்பறைக்கு ஒன்று, ஃபிரிட்ஜுக்கு ஒன்று, தண்ணீர் வால்வுக்கு ஒன்று. இவை போக மருந்து அலமாரிக்கும் தெருப்பக்கத்து ஜன்னலுக்கும் இறந்துபோன மனைவியின் பீரோவுக்கும் ஒவ்வொன்று.

திருடன் வந்தால் எடுத்துப்போக அந்த வீட்டில் ஒன்றும் கிடையாது. எல்லாம் மைத்துனன் ஒருவனுக்காக, இருபத்தோரு வருடத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. வீடு முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர் நின்ற நாளுக்கு மறுநாள் வால்வுக்குப் பூட்டு வந்தது. அடுப்புக் குமிழ் மூன்றையும் திருகிவிட்டு அவன் அடுத்த அறையில் படுத்துத் தூங்கிய அன்றே கேஸ் பெட்டிக்கு வந்தது. பதினான்கு மாத்திரையை ஒரே வாயில் போட்டு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு மருந்து அலமாரிக்கு வந்தது. ஒருமுறை அவன் பேருந்து நிலையம்வரை நடந்துபோய், நிறுத்திவைத்திருந்த பேருந்தில் ஏறி, அது கிளம்பும் என்று ஐந்து மணி நேரம் காத்திருந்தான். வாசற்கதவின் மேல்பூட்டு அதற்குப் பிறகு வந்தது.

தெருவில் அவனுக்குப் பெயர் ஜட்ஜய்யா. வயது நாற்பத்தெட்டு. எடை எண்பத்தெட்டு கிலோ. அறிவு நாலு வயதோடு நின்றுவிட்டது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவன் பேச்சில் மொத்தம் முப்பது சொல் தேறும். எதைக் கேட்டாலும் கேட்டவர் முகத்தை உற்றுப் பார்ப்பான், கண்ணை மூடுவான், ஐந்தாறு நொடி யோசிப்பான், பிறகு "பாக்கலாம்" என்பான்.

"சாப்பிட்டாச்சா ஜட்ஜய்யா?" என்று ஜன்னல் வழியாக யாராவது கேட்பார்கள்.

"பாக்கலாம்."

"போச்சு. இன்னிக்கும் வாய்தா!"

காலை எட்டரை மணிக்கு வாசற்கதவின் கீழ்ப்பூட்டில் அவன் நாள் தொடங்கும். பூட்டைப் பிடித்து இரண்டு இழுப்பு. திறக்கவில்லை என்றால் அடுத்தது. அடுக்களை மூடியிருந்தால் ஏழு பூட்டு, பதிமூன்று நிமிடம். திறந்திருந்தால் பதினொன்று, பத்தொன்பது நிமிடம். பீரோவில் முடித்ததும் மறுபடி வாசல். சாப்பாடு, குளியல், தூக்கம் தவிர நாள் முழுக்க இதுதான் வேலை. அவன் இழுத்த இழுப்பில் வருடத்துக்கு இரண்டு பூட்டாவது வளையம் தேய்ந்து போகும். பூட்டுக்காரர் கடையில் கிடக்கும் பழையதில் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டுவார்.

பூட்டுக்காரருக்கு அறுபத்தாறு முடிந்திருந்தது. பதினாறு வயதில் அரம் பிடித்துச் சாவி ராவ ஆரம்பித்த கை. வீட்டிலிருந்து நூற்று நாற்பது தப்படி தூரத்தில், ஆறடிக்கு ஐந்தடியில் சொந்தமாக ஒரு கடை. கடையிலிருந்து ஒரு நாளைக்கு நான்கு தடவை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார். இருபத்தெட்டில் கல்யாணம். கல்யாணப் பேச்சு நடந்தபோது மாமியார் பத்து வயதுப் பையனைப் பக்கத்து வீட்டில் மறைத்து வைத்திருந்தார். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள்தான் இவர் அவனைப் பார்த்தார். அவன் ஓடிவந்து இவர் சட்டைப் பையில் கையை விட்டு, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, "மாமா" என்றான். மாமியார் காலமானதும் அவன் இந்த வீட்டுக்கு வந்தான். பன்னிரண்டு வருடம் மனைவி பார்த்துக்கொண்டாள். பிறகு ஒரு வியாழக்கிழமை, மளிகைக் கடையில் சோப்பு வாங்கிக்கொண்டு நின்றவள் அப்படியே சரிந்தாள். தம்பியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல நேரம் கிடைக்கவில்லை. சொல்லியிருந்தால் முடியாது என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம் என்று பூட்டுக்காரர் சில நாள் நினைத்துக்கொள்வார்.

அதிலிருந்து ஒன்பது வருடம். ஜட்ஜய்யா ஒரு நாளும் அக்கா எங்கே என்று கேட்டதில்லை. கேட்காததுதான் பூட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. அதையும் அவனைக் குளிப்பாட்டும்போது அவனிடமேதான் சொல்வார். "கல் நெஞ்சுடா உனக்கு. கைய தூக்கு."

இந்த வருடம் கடைக்குப் போகும் நூற்று நாற்பது தப்படியில் மூன்று இடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, மூன்று ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது என்றார்கள். அடுத்த மாதம் பதினேழாம் தேதி அறுவை சிகிச்சை. பன்னிரண்டு நாள் படுக்கை. அதன்பின் மூன்று மாதம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது.

"செஞ்சுக்கலன்னா?" என்று கேட்டார் பூட்டுக்காரர்.

"ஒரு வருஷம் போகலாம். நாளைக்கே ஆனாலும் ஆச்சரியமில்ல," என்றார் டாக்டர். "வீட்ல கூட யாரு இருக்கா?"

"மச்சினன் இருக்கான்."

"அப்புறம் என்ன கவலை? அவரு பாத்துக்கட்டும்."

குளியலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் எண்பத்தெட்டு கிலோவை வாரத்துக்கு இரண்டு தடவையாவது அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

மனைவி வழியில் பெரியப்பா மகன் ஒருவர் உண்டு. போனில் "மாப்ள, எவ்ளோ நாளாச்சு!" என்று ஆரம்பித்தவர், ஜட்ஜய்யா பேச்சை எடுத்ததும் லைன் சரியில்லை என்றார். மனநல ஆஸ்பத்திரியில், இது நோயல்ல, குறைபாடு, நாங்கள் நோய்க்குத்தான் என்றார்கள். மிச்சம் இருந்தது ஊர் எல்லையில் ஒரு பராமரிப்பு இல்லம். நாற்பது கட்டிலில் ஒன்று காலி. மனு கொடுத்தால் அலுவலர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்து மதிப்பெண் போடுவார். பாரம் அதிகமானால் மதிப்பெண் அதிகம். நூற்றுக்கு அறுபது வந்தால் இடம். இடம் கிடைத்தால் அறுவை சிகிச்சை, இல்லாவிட்டால் இல்லை. பூட்டுக்காரர் மனு கொடுத்தார்.

மாடியில் குடியிருந்த தையற்காரம்மாதான் பேச்சை ஆரம்பித்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. வர்ற ஆபீசரம்மா இத்தனை பூட்டயும் பாத்தா என்ன எழுதும்?"

"என்ன எழுதும்?"

"மனுஷன அடைச்சு வெச்சிருக்கான்னு எழுதும். பின்தெருவுல இவர மாதிரி ஒரு பொண்ண ஜன்னல்ல கட்டிப்போட்டாங்கன்னு அவங்கப்பாவ எத்தன நாள் ஸ்டேஷனுக்கு அலைய விட்டாங்க, தெரியும்ல?"

"நான் கட்டிப்போடலயே தங்கச்சி."

"நீங்க கட்டல. ஆனா பாக்கறவங்க கண்ணுக்கு ஜெயிலு மாதிரிதானே இருக்கு? ஜட்ஜையே உள்ள வெச்சுட்டீங்க!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பின்தெரு ஆளைப் பூட்டுக்காரருக்குத் தெரியும். அவரும் கெட்டவர் அல்ல.

அலுவலர் திங்கட்கிழமை வருவதாகத் தகவல். வியாழன் மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் பூட்டுக்காரர் வேலையைத் தொடங்கினார். பதினோரு பூட்டையும் கழற்றினார். கொண்டி, தாழ்ப்பாள், நாதாங்கி எல்லாவற்றையும் எடுத்தார். இந்த வேலையை வேறு யார் செய்திருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். ஐம்பது வருடம் அடுத்தவர் கதவில் துளை போட்டவருக்கு ஒரு கதவைத் துளையோடு விட மனம் வராது. ஸ்க்ரூ இருந்த துளைகள் ஐம்பத்தெட்டையும் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தார். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கதவின் பழைய நிறத்துக்கே சாயம் கலக்க மூன்று தடவை முயன்றார். ஞாயிறு மாலை நாலு மணிக்கு, தையற்காரம்மா வாசற்கதவைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "பூட்டு இருந்துச்சுன்னு சத்தியம் பண்ணினாக்கூட நம்ப மாட்டாங்க," என்றார். பூட்டுக்காரர் ரொம்ப நாள் கழித்துச் சந்தோஷப்பட்டார்.

அந்த நாலு நாளும் ஜட்ஜய்யா வெளியே ஓடிவிடுவான் என்று எதிர்பார்த்து இவர் வாசலை விட்டு நகரவில்லை. அவன் ஓடவில்லை. கீழ்ப்பூட்டு இருந்த இடத்துக்கு வந்து கையை நீட்டினான். அங்கே ஒன்றும் இல்லை. அடுத்த இடத்துக்குப் போனான். அங்கேயும் இல்லை. இரண்டு சுற்று சுற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஆள் மாதிரி இருந்தான்.

திங்கள் காலை பத்து நாற்பதுக்கு அலுவலர் வந்தபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தான்.

அலுவலருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். மரியாதையான பெண். "வணக்கம். நீங்க எப்படி இருக்கீங்க?" என்று நேராக அவனைக் கேட்டார்.

ஜட்ஜய்யா திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தான். நாற்பத்தெட்டு வருடத்தில் அவனை யாரும் 'நீங்க' என்றதில்லை. பின்னால் சுவர்தான் இருந்தது. கண்ணை மூடி யோசித்தான்.

"பாக்கலாம்."

"நல்லா யோசிச்சுப் பேசறாரே ஐயா!"

"இல்ல மேடம், அவன் எதுக்கும் அதத்தான் சொல்லுவான்."

"எங்க ஆபீஸ்லயும் அதத்தான் சொல்றாங்க," என்று சிரித்தபடி எழுதினார். "சரி, வீட்ட விட்டு வெளியே போயிருக்காரா?"

"போயிருக்கான். பேருந்து நிலையம்வரைக்கும்."

"எப்ப?"

பூட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். "பன்னெண்டு வருஷம் முன்னாடி."

"கேஸ், தண்ணி இதுல கை வைப்பாரா?"

"வெச்சிருக்கான் மேடம். கேஸ திறந்துட்டான்."

"எந்த வருஷம்?"

"பதினெட்டு வருஷம் ஆச்சு."

"அதுக்கப்புறம்?"

அதுக்கப்புறம் பூட்டு வந்துவிட்டது. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. பின்தெரு ஆளின் முகமும் கூடவே வந்தது. "அதுக்கப்புறம் இல்ல," என்றார்.

"நீங்க கடையில இருக்கும்போது இவர யாரு பாத்துக்கறாங்க?"

இதற்கு உண்மையைச் சொன்னால் பூட்டைச் சொல்ல வேண்டும். பூட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். "மாடியில தையற்காரம்மா இருக்காங்க," என்றார்.

அலுவலர் அதையும் எழுதிக்கொண்டார். எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அடுக்களையில் கத்திகள் இழுப்பறையில் திறந்து கிடந்தன. மருந்து அலமாரியைத் தொட்டதும் திறந்துகொண்டது. வாசற்கதவு விரியத் திறந்திருந்தது. ஜட்ஜய்யா நாற்காலியை விட்டு அசையவில்லை.

"ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க ஐயா," என்று மனசாரச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, மருந்து வாங்கப் பூட்டுக்காரர் இருபது நிமிடம் வெளியே போனார். அதற்குள் ஜட்ஜய்யா கிளம்பிவிட்டான். மூன்று தெரு தள்ளி யாரோ ஒருவர் வீட்டு கேட்டில் தொங்கிய பூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றான். இரண்டு இழுப்பு, நிறுத்தம், இரண்டு இழுப்பு. வீட்டுக்காரர் திருடன் என்று நினைத்துக் கையை ஓங்கியிருக்கிறார். இவர் போய்ச் சேரும்போது அவன் உதடு கிழிந்து சட்டையில் ரத்தம். பூட்டை மட்டும் விடவில்லை.

சனிக்கிழமைக்குள் பதினோரு பூட்டையும் பூட்டுக்காரர் திரும்ப மாட்டினார். அடைத்த துளையில் ஸ்க்ரூ பிடிக்காது. ஓர் அங்குலம் தள்ளிப் புதுத் துளை போட்டு, புது ஸ்க்ரூ வைத்து முடுக்க வேண்டியிருந்தது. எட்டு ஸ்க்ரூவுக்கு ஒரு தடவை உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார்.

கடிதம் அதற்கு அடுத்த புதன்கிழமை வந்தது. முப்பத்தெட்டு மதிப்பெண்.

"வாழ்க்கையில முதல் தடவ பரீட்சை எழுதினான்," என்றார் பூட்டுக்காரர். "நல்லா எழுதிட்டான். அதனால ஃபெயிலு."

தையற்காரம்மா சிரிக்கவில்லை. "நான்தான் உங்கள கெடுத்துட்டேன் அண்ணே."

"நீ பூட்ட எடுக்கச் சொன்ன. துளைய அடைக்கச் சொல்லல."

வியாழன் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். அலுவலர் பொறுமையாகக் கேட்டார். முடிவு வந்த பிறகு எல்லோரும் ஒரு புதுச் செய்தியோடுதான் வருகிறார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை என்றார். ஆனாலும் மறுநாள் தன் வீட்டுக்குப் போகிற வழியில், யாரும் சொல்லாமல், தானாகவே மறுபடி வந்து பார்த்தார். அதற்காகவாவது அவரைக் குறை சொல்லக் கூடாது.

வாசற்கதவின் கீழ்ப்பூட்டுக்குப் பக்கத்தில் குனிந்தார். ஸ்க்ரூ தலைகள் பளபளத்தன. துளை ஓரத்தில் புது மரத்தூள் இன்னும் ஒட்டியிருந்தது.

"ஐயா, இது போன வாரம் போட்டதுதானே?"

"ஆமா மேடம். ஆனா முன்னாடியும் இருந்துச்சு."

"எங்க இருந்துச்சு?"

பூட்டுக்காரர் காட்ட முயன்றார். விரல் கதவின் மேல் போய் வந்தது. அவர் கண்ணுக்கே இடம் தெரியவில்லை. பெருவிரலால் அழுத்தித் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது.

"பூட்டப் பாருங்க மேடம்," என்றார் கடைசியாக. "வளையம் தேஞ்சிருக்கு பாருங்க. எத்தன வருஷம் இழுத்தா இப்படித் தேயும்!"

அலுவலர் பூட்டைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "நீங்க பூட்டுக்கடைதானே வெச்சிருக்கீங்க, ஐயா," என்றார், மெதுவாக.

"தையற்காரம்மாவ வேணா கேட்டுப் பாருங்க."

"அவங்கதானே இவரப் பாத்துக்கறாங்கன்னு அன்னிக்குச் சொன்னீங்க?"

ஜட்ஜய்யா அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து பூட்டைப் பிடித்தான். இரண்டு இழுப்பு. ஜன்னலுக்குப் போனான். அலுவலர் ஒரு முழுச் சுற்றையும் நின்று பார்த்தார்.

"அன்னிக்கு எவ்வளவு அமைதியா உக்காந்திருந்தாரு," என்றார். "பூட்டு போட்டதாலதான் இப்படி ஆயிட்டாரு. எடுத்துடுங்க ஐயா. நான் இத எழுதப் போறதில்ல. எழுதினா உங்களுக்குத்தான் கஷ்டம். ஒரு வருஷம் கழிச்சு மறுபடி மனு போடுங்க."

ஒரு வருடம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அதைப் பூட்டுக்காரர் அலுவலரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஒரு புதுச் செய்தியாகத்தான் போயிருக்கும்.

பதினான்காம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போய்த் தனக்குக் கொடுத்த நாள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். கவுண்டரில் இருந்தவர் அடுத்த நோயாளிக்கு அங்கேயே போன் போட்டுச் சொன்னார். மறுமுனையில் யாரோ சந்தோஷத்தில் கத்தியது இவருக்கும் கேட்டது.

கடைக்கு வந்து, வாசற்கதவின் இரண்டு பூட்டுக்கும் ஒவ்வொரு சாவி வெட்டினார். மாடிப்படியில் இரண்டு தடவை நின்று ஏறினார். தையற்காரம்மா மிஷினை நிறுத்தினார்.

"இத வெச்சுக்க தங்கச்சி. மத்தியானம் ஒரு மணிக்கு நான் எப்பவும் வந்துடுவேன். என்னிக்காவது ரெண்டு மணி ஆகியும் என் சத்தம் கேக்கலன்னா திற."

தையற்காரம்மா சாவிகளைத் தொடவில்லை. மிஷின் பலகையில் அவை துணிக்குப் பக்கத்தில் கிடந்தன. "அண்ணே, எனக்கு அறுபத்தொண்ணு. முட்டி ரெண்டும் போச்சு."

"தெரியும்."

"ஒரு வேளை சாப்பாடு வைப்பேன். அதுக்கு மேல என்னால ஆகாது. அவரத் தூக்கறது, கழுவறது எல்லாம்..."

"தெரியும் தங்கச்சி. ஒரு வேளை போதும். அதுக்குள்ள யாருக்காவது போன் பண்ணு."

"யாருக்கு?"

கீழே பூட்டு இழுபடும் சத்தம் இரண்டு தடவை கேட்டது.

"ஒருவேள என் மேல கை ஓங்கினாருன்னா?" என்றார் தையற்காரம்மா.

"அப்ப வெளியே வந்து பூட்டிடு."

"பூட்டிட்டு?"

"மேல வந்துடு," என்றார் பூட்டுக்காரர்.

தையற்காரம்மா இரண்டு சாவியையும் எடுத்து, ஒரு நூலில் கோத்து முடிச்சுப் போட்டார்.